ஃபிர்மென் வடித்தது

"அந்தப் பீப்பாய நாப்பத்திரண்டு டிகிரிக்கு எறக்கிடு," என்றான் பண்ணைக்காரன் கோந்த்ரான், காலணியில் ஒட்டிய களிமண்ணைக் கிடங்கு வாசற்கல்லில் தேய்த்தபடி. "செவ்வாக்கெழம பெல்ஜியத்து அம்மா சரக்கு வாங்க வருது. அதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்."

கிடங்கைக் கவனித்துக்கொள்ளும் மைலிஸ் அப்படியே நின்றாள். அவன் கைகாட்டிய பீப்பாய் கிடங்கின் கோடியில், பிராந்தியின் ஆவி குடித்துக் குடித்துக் கறுத்துப்போன சுவரோரம் கிடந்தது. இருபத்தாறு வருடம் ஓக் மரத்துக்குள் கிடந்த அர்மாஞாக் பிராந்தி. இன்னும் நாற்பத்தொன்பது டிகிரி வீரியம். அந்த வயதுச் சரக்கின் வீரியத்தைக் குறைப்பது குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி. மழைத்தண்ணீரில் கொஞ்சம் பிராந்தியைக் கலந்து, அதையும் ஒரு மரத்துக்குள் ஊறப்போட்டு, அந்த இளந்தண்ணீரை அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒன்றரை வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அவசரப்பட்டால் கலங்கி, ருசி உடைந்துவிடும். உடைந்த பிராந்தியை எந்தச் சாமி வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

"போன குளிர்காலத்துலயே கேட்டேன் மொசியே, இளந்தண்ணி ஊத்த ஆரம்பிக்கட்டுமான்னு. நீங்கதான் வேணாம்னீங்க."

"இப்ப வேணும்ங்கறேன்."

"நாலு நாள்ல ஆகாது."

"ஏன் ஆகாது? போன வருஷம் அந்தச் சின்னச் சரக்குக்கு ஒரே மத்தியானத்துல ஊத்தி முடிக்கலையா?"

"அது ரெண்டு வயசு. பழச்சாறுல கலந்து குடிக்கிறவங்களுக்கு அனுப்பினது. இது அப்படியா?"

"தண்ணி தண்ணிதான், சரக்கு சரக்குதான். நம்ம கிணத்துல எறைச்சு ஊத்து. எங்க பாட்டன் வெட்டின கிணறு. லேபிள்ல அதையும் போடச் சொல்லியிருக்கேன், எங்க மண்ணோட தண்ணின்னு."

அந்தக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. கெட்டிலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். பண்ணையில் துணி துவைக்கிறவர்கள் எல்லாரும் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் துவைப்பார்கள். கோந்த்ரானுக்கு அது தெரியாது. தன் சட்டையைத் தானே துவைத்தவனுக்குத்தானே தெரியும்.

அவள் அதைச் சொல்வதற்குள் அவன் மேலங்கியின் உள்பையிலிருந்து லேபிளை எடுத்து நீட்டிவிட்டான். பழுப்புத் தாள், தங்க எழுத்து. வருடம். பண்ணையின் பெயர். அதற்குக் கீழே: பிரபு கோந்த்ரான் தம் கையால் வடித்தது.

"எப்படி இருக்கு?"

மைலிஸ் அதை இரண்டு முறை படித்தாள். டுலூஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்தவள், அவள் குடும்பத்திலேயே முதல் ஆளாக. ஆனால் இந்த ஒரு வரியைப் படிக்க எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பீப்பாயில் இருப்பதை வடித்தது அவள் அப்பா ஃபிர்மென்.

திராட்சை அறுவடை முடிந்ததும் சக்கரம் வைத்த செப்பு வாலையை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் ஒயினைப் பிராந்தியாக வடித்துக் கொடுப்பவர் அவர். வாலைக்குப் பக்கத்திலேயே படுக்கை. விறகை ஒவ்வொன்றாகத்தான் போடுவார். செம்பில் காதை வைத்துக் கேட்பார், உள்ளே ஒயின் தட்டுத் தட்டாக இறங்குகிற சத்தத்தில் நெருப்பு கூடவா குறையவா என்று தெரிந்துவிடும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பண்ணைக் கொட்டகையில் இரண்டு நாள் வடித்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் காட்டுப்புறாக்கள் தெற்கே போகிற பருவம். இந்தக் கஸ்கோனிப் பக்கம் அந்தப் பருவம் வந்துவிட்டால் ஆம்பளைகளுக்குப் பித்துப் பிடித்துவிடும். கடையைப் பூட்டுவார்கள், கல்யாணத்தைத் தள்ளிவைப்பார்கள், புறா சுட மரத்துமேல் கட்டிய பரணில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கோந்த்ரானுக்கும் பரணுக்குப் போக அவசரம். வாலை கிளம்பாமல் அவன் கிளம்ப முடியாது. ஃபிர்மென் சூப் குடிக்க எழுந்துபோன நேரத்தில், காலையிலிருந்தே குடித்திருந்த கோந்த்ரான் அடுப்பில் விறகை அள்ளிப் போட்டான். ஒயின் பொங்கி, அடியில் தீய்ந்து, குழாய் வழியே கருகல் நாற்றம் அடித்தது. கடைசி நாள் சரக்கு அவ்வளவும் சாக்கடைக்குப் போனது.

ஃபிர்மென் குடித்துவிட்டு வாலைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தான் என்றான் கோந்த்ரான். அவ்வளவுதான். வடிக்கிறவன் குடித்துத் தூங்கினான் என்ற பேர் வந்துவிட்டால் அந்த ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையும் கூப்பிடாது. ஒருத்தரும் கூப்பிடவில்லை. வாத்துக் கறியை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் இறகு பிடுங்கி, அந்த ஈரத்திலேயே நெஞ்சுச் சளி கட்டி, மைலிஸ் கடைசி வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது செத்துப்போனார்.

முதல் இரண்டு நாள் அவர் வடித்தது மட்டும் பீப்பாயில் தங்கியது. கிடங்கிலேயே அதுதான் ஒசத்தி. மைலிஸ் இந்தப் பண்ணையில் வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். "ஒங்கப்பன் செஞ்சத நான் மனசுல வச்சுக்கல, வா," என்று கோந்த்ரான் பெரிய மனசு பண்ணி வேலை கொடுத்தான். அவள் நன்றி சொன்னாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவின் பெயரை எந்தக் கொட்டகையில் நாசம் பண்ணினானோ அதே கொட்டகையில், ஊர் கேட்க, அவன் வாயாலேயே இது ஃபிர்மென் வடித்தது என்று சொல்ல வேண்டும்.

லேபிளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மொசியே, இத நெஜமா யார் வடிச்சது?"

"இதென்ன கேள்வி?"

"நீங்களும் நானும் மட்டுந்தான இருக்கோம். சும்மா சொல்லுங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அவனைத் தடுத்திருப்பாள். வேறு லேபிள் அடிக்கச் சொல்லி, பெல்ஜியத்துக்காரியிடம் அவளே பேசி, இருக்கிற வீரியத்திலேயே விற்றுக் கொடுத்திருப்பாள். அதை மனதார நினைத்துத்தான் கேட்டாள்.

கோந்த்ரான் சிரித்தான். "ஒங்கப்பன் மாதிரியே பேச்சு. சொன்ன வேலையச் செய்யாம நொரநாட்டியம். நான்தான் வடிச்சேன். தண்ணிய ஊத்துறியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?"

"ஊத்தறேன். கிணத்துத் தண்ணி, ஒரே ஊத்து. அதான நீங்க சொல்றது?"

"அதேதான். எத்தன தடவ சொல்றது?"

"இன்னொரு தடவ சொன்னா நல்லாருக்கும். பெர்னாத் மாமாவுக்கும் கேக்கட்டும்."

கிடங்கு வேலையாள் பெர்னாத் வாசலில் தொப்பியோடு நின்றிருந்தார். கோந்த்ரான் அவரைப் பார்த்துக் கத்திச் சொன்னான். சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறாப் பரணுக்குக் கிளம்பிப் போனான். இனித் திங்கட்கிழமைதான் வருவான்.

ரப்பர் குழாயைக் கிணற்றடியிலிருந்து இழுத்து வந்த பெர்னாத், அதைப் பீப்பாய்க்குள் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, இது தப்புன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"ஒங்கப்பன் வடிச்சதும்மா இது."

"அதுவும் தெரியும். நீங்க போய்ச் சொல்லுங்களேன் அவருகிட்ட."

பெர்னாத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து மறுபடி போட்டுக்கொண்டார். அன்றைக்கு நெருப்பைக் கூட்டியது யார் என்று கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். அன்றைக்கும் இப்படித்தான் தலையைச் சொறிந்திருப்பார்.

அவள் கண்ணாடிக் குழலைப் பீப்பாய்க்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள். முதலில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். பிறகு வாயில் வைத்தாள். உலர்ந்த பிளம்பழம். வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். மழை நின்ற பைன் காட்டின் வாசம். சுடாமல் இறங்கி, நெஞ்சில் போய் உட்கார்ந்து, கிளம்ப மாட்டேன் என்றது. நெருப்பை ஒரு விறகுகூட அவசரப்படுத்தாத ஒரு மனிதனின் பொறுமை அவ்வளவும் அதில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றாமல் இல்லை. கை பாட்டில் வரைக்கும் போனது. எடுத்தால் நாளைக்கு அவன் "திருட்டுச் சிறுக்கி" என்பான், குடிகாரனுக்குத் திருடி பிறந்தாள் என்று ஊர் தலையாட்டும். எடுக்கவில்லை.

"விடுங்க மாமா," என்றாள்.

தண்ணீர் உள்ளே இறங்குகிற சத்தம் ஏதோ மாடு மூத்திரம் பெய்கிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த வருடத்து வாலை பண்ணைக்கு வந்திருந்தது. வாலை வந்தால் விருந்து. கொட்டகைக்குள் பலகையைப் போட்டு நீள மேசை, திராட்சைக் கொடிக் கங்கில் வாட்டிய வாத்து நெஞ்சுக்கறி, முட்டைக்கோசும் பீன்ஸும் கொதிக்கிற சூப். குழாயிலிருந்து அப்போதுதான் இறங்கிய வெள்ளைச் சரக்கு ஒரு தகரக் குவளையில் கைமாறிக்கொண்டிருந்தது. சுற்றுப்பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வாங்க வந்த மதாம் கோசென்ஸ் ஐம்பது வயதுக்காரி, பெரிய கைப்பை, சின்ன உதடு. யார் பேசினாலும் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

கோந்த்ரான் எழுந்து நின்றான். எதிரே வாலை சிவந்த வயிற்றோடு சீறிக்கொண்டிருந்தது.

"இதே எடத்துலதான் மதாம். வடிக்க வந்தவன் குடிச்சிட்டு இங்கதான் கவுந்து கெடந்தான். என்ன பண்றது? நானே சட்டக்கைய மடிச்சு விட்டுட்டு எறங்கினேன். ரெண்டு நாளு, கண்ணசரல. ஒவ்வொரு விறகும் இந்தக் கை போட்டது."

கையைத் தூக்கிக் காட்டினான். பண்ணைக்காரர்கள் தலையாட்டினார்கள். வருடா வருடம் கேட்ட கதை. மைலிஸ் பீப்பாயிலிருந்து எடுத்து வந்த சரக்கைக் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டே போனாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

விருந்து கொடுக்கிறவன்தான் முதலில் குடிக்க வேண்டும். கோந்த்ரான் கிளாஸை உயர்த்தி, கண்ணை மூடி, நல்ல வாயாக ஒரு வாய் குடித்தான்.

கண் திறந்துகொண்டது. கன்னம் உப்பியது. துப்ப இடம் தேடினான். மேசை முழுக்க ஆட்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வாங்க வந்தவள். வேறு வழியில்லாமல் விழுங்கினான். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை மைலிஸ் ஆசைதீரப் பார்த்தாள்.

"அற்புதம்," என்றான், குரல் வராமல்.

மற்றவர்கள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி லேசாக மங்கல்.

"இதென்னங்க, துணி ஊறவச்ச தொட்டி மாதிரி?" என்றாள் பக்கத்துப் பண்ணை ஹோர்தான்ஸ், கழுத்தில் கிடந்த கைக்குட்டையில் நாக்கைத் துடைத்தபடி. "கோந்த்ரான், ஒன் பிராந்தியில எந்தச் சட்டயத் தொவச்ச?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மதாம் கோசென்ஸ் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். முன்னமே வாங்கிப் பார்த்த மாதிரிச் சரக்கில் பாதியை மிச்சம் வைத்துக் கொண்டுவந்து, வாங்கும் அன்று ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வியாபாரத்தில் வழக்கம். வெறும் கிளாஸில் இரண்டு விரல் ஊற்றினாள். தேன் நிறம், கண்ணாடித் தெளிவு. முகர்ந்தாள். பக்கத்தில் இருந்ததை முகர்ந்தாள்.

"ரெண்டும் ஒரே பீப்பாயா?"

"ஒரே பீப்பாய்தான் மதாம்," என்றாள் மைலிஸ்.

"இவதான்!" கோந்த்ரானின் விரல் அவள் முகத்துக்கு நேரே வந்தது. "இவதான் கெடுத்தா! படிச்சவன்னு நம்பி விட்டேன்!"

"நான்தான் ஊத்தினேன். யாரு ஊத்தச் சொன்னது?"

"நான் எங்க சொன்னேன்?"

"பெர்னாத் மாமா, குழாயப் பிடிச்சது நீங்க."

பெர்னாத்தின் கை தொப்பிக்குப் போனது. மைலிஸ் அவரையே பார்த்தாள். கை பாதியில் நின்று இறங்கியது.

"நீங்கதான் சொன்னீங்க மொசியே. கிணத்துத் தண்ணி, ஒரே ஊத்துன்னு. வாசல்ல நின்னு கத்திச் சொன்னீங்க."

"கிணத்துத் தண்ணியா!" என்று நெஞ்சில் கைவைத்தாள் ஹோர்தான்ஸ். "அதுல என் குண்டானயே கழுவ மாட்டேன்!"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். கோந்த்ரானின் காது வரை சிவந்தது. பழி போட ஓர் ஆள் வேண்டும், பக்கத்தில் ஒருத்தரும் அகப்படவில்லை. பழக்கதோஷம், பழைய ஆளையே பிடித்தான்.

"தண்ணியில ஒண்ணுமில்ல! சரக்கே மூலத்துலயே கெட்டது! குடிகாரன் வடிச்சது வேற எப்படி இருக்கும்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

மதாம் கோசென்ஸ் அவன் முடித்துவிட்டானா என்று கொஞ்சம் காத்திருந்தாள். "இப்பதான ஒவ்வொரு விறகும் உங்க கை போட்டதுன்னீங்க?"

"அது வந்து..."

"அப்ப இதையும்," சின்ன பாட்டிலை உயர்த்தினாள், "அவர்தான் வடிச்சாரா? இந்த வருஷம் நான் ருசி பார்த்ததுலேயே இதுதான் முதல்தரம். குடிச்சிட்டுக் கவுந்து கெடந்தவர் வடிச்சதா இது? அவர் பேரு என்ன?"

கோந்த்ரான் தன் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"சொல்லுங்க மொசியே," என்றாள் மைலிஸ். "அம்மா கேக்கறாங்கல்ல? பேரு."

"...ஃபிர்மென்."

"முழுப் பேரு. கடைசியில ஒக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

"ஃபிர்மென் தார்தீக்!" என்று குரைத்தான். "போதுமாடி?"

போதவில்லை. அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. இன்னும் வேண்டும் என்றுதான் இருந்தது.

அப்போது பெர்னாத் வாய் திறந்தார். "நெருப்பக் கூட்டினதும் ஃபிர்மென் இல்ல," என்றார், தரையைப் பார்த்து. "மொசியேதான். புறாவுக்கு நேரமாச்சுன்னு. நான் பார்த்தேன்."

"இருபத்தாறு வருஷமா எங்க மாமா இருந்துச்சு இந்த நாக்கு?" என்று கேட்டாள் மைலிஸ். "எங்கப்பா சவப்பெட்டியத் தூக்க வந்தீங்களே, அன்னிக்காவது கொண்டுவந்திருக்கலாம்ல?"

பெர்னாத் அழ ஆரம்பித்தார். அவள் அவரைத் தேற்றப் போகவில்லை.

சின்ன பாட்டில் மேசையைச் சுற்றிப் போனது. முதலில் மூக்கை மட்டும் நீட்டினார்கள். பிறகு நாக்கு. ஆகா, ஃபிர்மென் கை கைதான், எனக்கு அப்பவே தெரியும், நல்ல மனுஷன், என்று ஆளுக்கு ஒரு சொட்டாக உறிஞ்சி, அது அவளிடம் வந்து சேருவதற்குள் தீர்த்துவிட்டார்கள்.

"அடுத்த வருஷம் எங்க பண்ணைக்கு நீயே வந்து வடிச்சுக் குடேன் மைலிஸ்," என்றாள் ஹோர்தான்ஸ்.

"எங்கப்பாவ ஒங்க பண்ணைக்குக் கடைசியா எப்பக் கூப்பிட்டீங்க?"

ஹோர்தான்ஸ் சூப்பைக் கிண்டினாள்.

"அவர் பட்டினி கெடந்தப்ப இந்த மேசையில ஒக்காந்து வாத்து தின்னவங்கதான நீங்க எல்லாரும்? நல்லாத் தின்னுங்க."

மதாம் கோசென்ஸ் வாசல் வரைக்கும் கூட வந்தாள். "தண்ணி ஊத்தினா உடையும்னு உனக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"உங்க அப்பாவோடது வேற எங்கயாவது இருக்கா?"

"இல்ல மதாம். அதான் கடைசி."

அந்த அம்மாள் கைப்பையை மூடிக்கொண்டு காரில் ஏறினாள். உள்ளே கோந்த்ரான் யாரையோ, எதற்கோ திட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவள் அம்மா சொலாஞ்ச் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் செய்தி காரைவிட வேகமாகப் போகும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கத்தியைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"அவ்வளவுமா ஊத்தின?"

"அவ்வளவும்."

"ஒரு பாட்டில்கூட?"

"இல்லம்மா."

சொலாஞ்ச் கொஞ்ச நேரம் நறுக்கினாள். "எனக்கு ஒரு சொட்டு குடுக்கல அந்தாளு. வடிச்சதெல்லாம் ஊராருக்கு. எப்படிடி இருந்துச்சு?"

மைலிஸ் சொல்லப் பார்த்தாள். பிளம்பழம் என்றாள். ஆரஞ்சுத் தோல் என்றாள். கல்லூரியில் படித்த வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒன்றுக்கும் உதவாமல் போயின. "நல்லா இருந்துச்சும்மா," என்றாள் கடைசியில். "ரொம்ப நல்லா இருந்துச்சு." அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

அம்மா அழவில்லை. வெங்காயத்துக்குக்கூட அழவில்லை. மகள் முடிக்கட்டும் என்று இருந்தாள்.

"அவன் குடிச்சானே, அந்தச் சோப்புத் தண்ணி. துப்பிட்டானா?"

"துப்ப முடியல. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"முழுங்கினானா?"

"முழுங்கினான்."

"நீ பார்த்தியா?"

"தொண்டையில எறங்கறதப் பார்த்தேன்."

சொலாஞ்ச் ஒரு நிமிடம் அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகக் கோணியது. நறுக்கியதை வழித்துச் சட்டியில் போட்டாள்.

"அப்பச் சரி," என்றாள். "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."